தலைகீழாகப் போட்ட ஆறு

மதிப்பீட்டாளரின் அறிக்கை வந்தபோது எனிக்கோ ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில் கைபேசி அதிர்ந்தது. கடைநேரத்தில் பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே எடுத்துப் பார்த்தாள். அவளுடைய ஆய்வேட்டுக்கு டாக்டர் வாமோஷ் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் பரிந்துரைத்திருந்தார். திருகாணியைக் கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. முழுவதையும் கழற்றி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

“நல்ல சேதியாம்மா?” என்றார் பெரியவர்.

“இன்னும் தெரியலை சார்.”

பொய் சொல்லவில்லை. நல்ல சேதி எது வந்தாலும் அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடாமல் அவளால் இருக்க முடியாது. பகலில் இந்தக் கண்ணாடிக் கடை, மாலையில் பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பு என்று கணித உயிரியல் முதுகலையை இழுத்துப் பிடித்து முடித்திருந்தாள். ஒவ்வொரு தேர்விலும் தன் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, வேறு யாருடையதையோ மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். இப்போது மிச்சம் இருப்பது வாய்மொழித் தேர்வு மட்டும். அது வெள்ளிக்கிழமை. இன்று புதன்.

பெரியவர் போனதும், துடைக்கும் துணியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு அறிக்கையை முழுதாகப் படித்தாள். புடாபெஸ்ட்டிலிருந்து வரும் வாமோஷ் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். குழுவின் முன்னால் அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் கேள்வி சுலபம். இரண்டாவது இப்படி இருந்தது: ‘திஸாப்பூவின் பெண்பூச்சிகள் பாலத்தைக் கண்டதும் திரும்பிவிடுகின்றன என்றே இதுவரை எழுதியிருக்கிறார்கள். ஆய்வாளரோ அவை பாலத்தைக் கடந்து அதற்கு மேலே முட்டையிடுகின்றன என்கிறார். துணிச்சலான முடிவு. இதற்கு உயிரியல் விளக்கம் என்ன?’ கடைசியில் தனியாக ஒரு வரி: செப்டம்பரில் தன் குழுவில் உதவித்தொகையோடு ஓர் ஆராய்ச்சி மாணவர் இடம் காலியாகிறது, தேர்வு முடிந்ததும் பேசலாம்.

அந்தக் கடைசி வரிதான் அவளை உட்காரவிடவில்லை. அந்த இடம் கிடைத்தால் கடையை விட்டுவிடலாம். பகல் வெளிச்சத்தில் கணக்குப் போடலாம். அன்று மாலைக்குள் இரண்டு வாடிக்கையாளருக்குக் கண்ணாடிப் பெட்டியை மாற்றிக் கொடுத்தனுப்பிவிட்டுத் தெருவில் ஓடிப் போய் வாங்கி வந்தாள்.

திஸாப்பூ, பெயரில்தான் பூ. உண்மையில் பூச்சி. ஈசலைவிடப் பெரியது, பின்னால் நீளமாக வால் இழைகள். திஸா ஆற்றங்கரைக் களிமண்ணில் துளை போட்டுக்கொண்டு மூன்று வருடம் புழுவாகக் கிடக்கும். ஜூன் மாதத்தில் சில சாயங்காலங்களில் கூட்டம் கூட்டமாக வெளியே வந்து, பறந்து, கூடி, முட்டையிட்டு, இருட்டுவதற்குள் செத்துவிடும். அதைத்தான் பூப்பது என்பார்கள். எனிக்கோவின் ஆய்வேடு கேட்ட கேள்வி சின்னது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஆற்று நீர் முட்டையையும் குஞ்சுப்புழுவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அடித்துக்கொண்டு போகிறது. அப்படியானால் ஆற்றின் மேல்பகுதி எப்போதோ காலியாகியிருக்க வேண்டுமே, ஏன் ஆகவில்லை? முட்டையிடும் முன் பெண்பூச்சிகள் ஓட்டத்தை எதிர்த்து மேலே பறந்து போவதால். தண்ணீர் எடுத்துக்கொள்வது எவ்வளவு, சிறகு திருப்பிக் கொடுப்பது எவ்வளவு என்பதற்கு அவள் சமன்பாடு எழுதினாள். கரையில் யாரோ எண்ணி வைத்திருந்த துளைகளின் கணக்கை எடுத்து அதில் பொருத்தினாள். பொருத்திப் பார்த்தால், பழைய பாலத்துக்கு மேல்பக்கம் துளைகள் குவிந்திருந்தன. அப்படியென்றால் பூச்சிகள் பாலத்தைத் தாண்டுகின்றன.

அவளுடைய வழிகாட்டி யூடித் மேடம் அதைப் பார்த்த அன்று, சாக்பீஸ் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, “எனிக்கோ, இது புதுசு” என்றார். இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு.

விளக்கமும் தயாராக இருந்தது. பாலத்தை நெருங்கும் பூச்சி உயரே எழும்பிக் கடக்கிறது, எழும்பியதில் களைத்துப்போகிறது, கடந்த கையோடு இறங்கி முட்டையிடுகிறது. அந்தக் களைப்புக்குச் சமன்பாட்டில் தனியாக ஓர் உறுப்பு சேர்த்திருந்தாள். சமன்பாட்டைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். துளைக் கணக்கைச் சரிபார்க்கவில்லை. அது மற்றவர்கள் எண்ணியது. மற்றவர்களை அவள் நம்பினாள். தன்னைத்தான் நம்பவில்லை.

கடை மூடியதும் டிராம் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனாள். அந்த டிராமை ஓட்டுபவன் கொர்னேல். அவனும் அதே மாலை வகுப்பு. ரத்த அணுக்களைப் பற்றி எழுதியிருந்தான். அவனுக்கும் வெள்ளிக்கிழமைதான் தேர்வு, அவளுக்கு அடுத்து. ஆனால் தேர்வு இருப்பவன் மாதிரியே இருக்க மாட்டான். கடைசி நிறுத்தத்தில் முன்பக்கத்து அறையைப் பூட்டிவிட்டுப் பின்பக்கத்து அறைக்கு நடந்துகொண்டே அறிக்கையைப் படித்தான். டிராம் திரும்பாது, ஓட்டுநர்தான் மாறி உட்கார வேண்டும்.

“அஞ்சு குடுத்திருக்கான், இடமும் குடுக்கறேங்கறான். நீ ஏன் பல்லு வலிக்கற மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கே?”

“ரெண்டாவது கேள்வி.”

“அதான் பதில் வெச்சிருக்கியே. எழும்பும், களைக்கும், இறங்கும். நான் ஷிஃப்ட் முடிச்சு மூணு மாடி ஏறி வீட்டுக்குப் போற மாதிரி.”

“நெஜமாவே அப்படித்தான் பறக்குதா?”

“அதை என்னைக் கேக்கறியா? பூச்சியப் பத்தி எண்பது பக்கம் எழுதினவ நீ.” சட்டென்று நின்றான். “இரு. நீ பாத்ததே இல்லைல்ல?”

எனிக்கோ கைபேசியை அவனிடமிருந்து வாங்கிப் பைக்குள் போட்டாள். அவள் மேற்கே ஸாலா மலைப்பக்கத்துப் பெண். இந்த சேகெட் நகரத்துக்கு வந்த முதல் ஜூனில், பூத்த நாளெல்லாம் தேர்வு இருந்தது. மறு ஜூனில் வெள்ளம், பூக்கவேயில்லை. போன ஜூனில் போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் அப்போது அந்தக் குவியல் கிடைத்துவிட்டிருந்தது. சமன்பாட்டை விட்டு நகர மனம் வரவில்லை.

“செத்தவர மூஞ்சிகூடப் பாக்காம இரங்கல் கூட்டத்துல பேசறவ நீ,” என்றான் கொர்னேல். “எல்லைக்கு அந்தப் பக்கம் நேத்தே பூத்துடுச்சாம். நாளைக்கு இங்க வந்துடும். மச்சான் படகு சும்மாதான் கெடக்கு. வா, போய்ப் பாத்துட்டு வந்துடலாம்.”

“மறுநாள் வைவா.”

“வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போற? நகம் இருக்கா இன்னும், கடிக்கறதுக்கு?”

வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்கு அவர்கள் ஆற்றில் இருந்தார்கள். கரை நெடுக ஜனம். கொப்பரையில் மீன்சாறு கொதித்துக்கொண்டிருந்தது. மிளகாய்த்தூள் வாசனை தண்ணீர் மேல் வரைக்கும் வந்தது. கொர்னேல் மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு ஓட்டத்தை எதிர்த்துப் படகைச் செலுத்தினான். எனிக்கோ முன்பலகையில் உட்கார்ந்து குதிகாலால் படகின் அடியைத் தட்டிக்கொண்டேயிருந்தாள்.

“நிறுத்து. பூச்சி பயந்துக்கும்.”

“பூச்சிக்குக் காது கிடையாது.”

“எனக்கு இருக்கு.”

முதலில் ஒன்று வந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து, தள்ளாடிப் பறந்து, அவள் சட்டைக் கையில் உட்கார்ந்தது. மஞ்சள் வயிறு. அங்கேயே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தோலை உரித்துவிட்டு இன்னொரு பூச்சியாக எழுந்து போயிற்று. வெறும் தோல் துணியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, வால் இழைகள் உட்பட. ஆண்பூச்சி இரண்டாம் முறை தோலுரிக்கும் என்று அவளே எழுதியிருந்தாள். பதினோராம் பக்கம். எழுதியது இதுதானா என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது.

பிறகு எண்ணிக்கை இல்லை. ஆறு கொதிக்கிற மாதிரி ஆயிற்று. கொர்னேலின் தொப்பி, மோட்டார், கயிறு எல்லாவற்றின் மேலும் உரித்த தோல்கள். கொஞ்ச நேரம் கழித்து, ஆற்றின் நடுவில் ஆள் உயரத்துக்கு மேலே, பெண்பூச்சிகள் ஒரே திசையில் கிளம்பின. நீரை எதிர்த்து. படகு அவற்றுக்குக் கீழே அதே திசையில் போயிற்று. எனிக்கோவுக்குச் சிரிப்பு வந்தது. தட்டுவதைக் கால்கள் நிறுத்தியிருந்தன.

பழைய பாலம் வந்தது. இரும்புப் பாலம். தண்ணீரில் அதன் நிழல் கரைக்குக் கரை ஒரு கறுப்புப் பட்டையாக விழுந்திருந்தது.

“இப்போ எழும்பும் பாரு,” என்றாள் எனிக்கோ.

எழும்பவில்லை. பட்டைக்கு முன்னால் வந்த பூச்சிகள், பூட்டிய கதவைத் தள்ளிப் பார்த்தவர்கள் மாதிரி, ஒரு கணம் தயங்கிப் பின்வாங்கின. பின்னால் வந்தவை அவற்றின் மேல் மோதின. சில பத்தடி உயர்ந்து, அப்புறம் அவையும் திரும்பின. எல்லாம் கீழே வந்து, மறுபடி மேலே போய், மறுபடி பாலத்தில் முட்டி, கடைசியில் பாலத்துக்குக் கீழ்ப்பக்கமே தண்ணீரில் விழுந்து முட்டையிட்டன.

“களைச்சுப்போகுதுங்கறது மட்டும் சரி,” என்றான் கொர்னேல்.

“காத்து அடிக்குது. அதனாலதான் இன்னைக்கு…”

“காத்தா? என் சிகரெட் புகை நேரா மேல போகுது பாரு.”

“ஒரு நாள் பாத்ததை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. தாண்டி மேல போ. அந்தப் பக்கம் பாக்கணும்.”

பாலத்துக்கு மேலே ஆறு அமைதியாக இருந்தது. பூச்சிகள் இருந்தன, ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக. எனிக்கோ இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தாள். கையில் ஏதாவது எண் இருந்தால்தான் அவளுக்கு மனம் அடங்கும். கரையில் கம்பத்தில் அடித்திருந்த வெள்ளைப் பலகையைப் படித்தாள். ஆற்றுக் கிலோமீட்டர், நூற்று எழுபத்தெட்டு. படகு போய்க்கொண்டிருந்தது. அடுத்த பலகை வந்தது. நூற்று எழுபத்தொன்பது.

அதை அவள் இரண்டு முறை படித்தாள்.

“கொர்னேல், நாம மேலதானே போறோம்?”

“மோட்டார் முக்கறது கேக்கலையா? மேலதான்.”

“அப்போ எண் ஏன் கூடுது?”

“கூடாம? ஆத்துல கிலோமீட்டர் முகத்துவாரத்துலேருந்து ஆரம்பிக்கும். கீழேருந்து மேல. கப்பல்காரங்க கணக்கு…” அவன் பேச்சு பாதியில் நின்றது. டிராம் ஓட்டினாலும் அவனும் அதே வகுப்பில் உட்கார்ந்தவன். “ஏய். உன் எக்ஸ் எந்தப் பக்கம் போகுது?”

“தண்ணியோட,” என்றாள். “கரும்பலகைல எல்லாரும் அப்படித்தானே வரைவோம். இடது பக்கம் மலை, பூஜ்யம். வலது பக்கம் கடல்.”

“துளைக் கணக்குல?”

“ஆத்துக் கிலோமீட்டர்னு போட்டிருந்தது. அப்படியே எடுத்துப் போட்டேன்.”

மோட்டாரை நிறுத்தினான். படகு மெல்லப் பின்னோக்கி இறங்க ஆரம்பித்தது. அவள் பாலத்துக்கு மேலே குவிந்திருப்பதாக எழுதியதெல்லாம் பாலத்துக்குக் கீழே குவிந்திருந்தவை. ஆற்றைத் தலைகீழாகப் போட்டு அதன் மேல் எண்பது பக்கம் எழுதியிருந்தாள். சற்றுமுன் பார்த்ததைத்தான் அந்தக் கணக்கும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவள்தான் காதில் வாங்கவில்லை.

“பயணிங்கள ஏத்திக்கிட்டு நான் எந்தப் பக்கத்து ரூம்ல உக்காரணும்னு தெரியாம உக்காந்தேன்னு வையேன்…” என்று ஆரம்பித்த கொர்னேல் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். “சரி. யூடித் மேடத்துக்குப் போன் போடு.”

வெளிச்சம் இருக்கும்போதே படகிலிருந்து கூப்பிட்டாள். மேடம் செர்ரிப் பழத்துக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கொட்டை கிண்ணத்தில் விழும் சத்தம் கேட்டது. எனிக்கோ சொல்லி முடித்தபோது அந்தச் சத்தம் நின்றிருந்தது.

“நிச்சயமா?”

“பலகையப் பாத்தேன் மேடம். பூச்சியையும் பாத்தேன்.”

“நான் கேக்கறது அதில்லை. திருத்திப் போட்டுக் கணக்கை ஓட்டிப் பாத்தியா?”

“இல்ல. படகுல இருக்கேன்.”

“அப்போ இது சந்தேகம். சந்தேகத்தைக் குழு முன்னாடி பேசக் கூடாது. பைண்ட் பண்ணின ஆய்வேட்டுல ஒரு வரி மாத்த முடியாது. காலைல ஏழு மணிக்கு என் ரூம் சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கும். ஓட்டிப் பாரு. முடிஞ்சா சொல்லு.”

“முடியலைன்னா?”

கொட்டை ஒன்று கிண்ணத்தில் விழுந்தது. “முடியலைன்னா உனக்குத் தெரிஞ்சதை மட்டும் பேசு.”

“வாய மூடிட்டு இருன்னு சொல்றீங்களா மேடம்?”

“இல்லம்மா. ஆனா நான் சொல்றதும் அதுவும் பக்கத்து பக்கத்து வீடு. அது எனக்கும் தெரியுது.”

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எனிக்கோ வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக மேடத்தின் அறையில் இருந்தாள். திருத்தம் ஒரே ஒரு வரி. ஒரு கழித்தல் குறி. ஆனால் அதோடு பாலத்தின் உறுப்பையும் மாற்றிவிட்டு, மறுபடி முழுவதையும் பொருத்தச் சொன்னால், கணினிக்கு நேரம் பிடிக்கும். திரையில் சின்ன எண்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அவள் ஜன்னலுக்கும் கணினிக்கும் இடையில் நடந்தாள். கீழே இறங்கித் தண்ணீர் குடித்தாள். மேலே வந்தாள். எண்கள் இறங்கிக்கொண்டேயிருந்தன. இன்னும் எதிலும் நிலைகொள்ளவில்லை.

தேர்வு அறையில் கொர்னேல் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். தேர்வுக்கு நிற்பவர்தான் குழுவுக்குச் சாப்பிட ஏதாவது கொண்டுவர வேண்டும். அவள் அம்மா ஸாலாவிலிருந்து ரயிலில் ஒரு கூடை போகாச்சா, சின்னச் சின்ன உப்பு ரொட்டி, அனுப்பியிருந்தாள், பன்றிக்கொழுப்புப் பொறியல் போட்டது.

“ஓடி முடிஞ்சிடுச்சா?”

“இல்ல.”

“அப்போ என்ன பண்ணப் போற?”

“தெரியலை.”

“ஒண்ணு சொல்லட்டுமா? நீ சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது. நான் சொல்ல மாட்டேன். பூச்சியும் சொல்லாது.” ஒரு போகாச்சாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். “ஆனா உன்னால செப்டம்பர் வரைக்கும் தூங்க முடியாது, அதையும் சொல்லிட்டேன்.”

குழுவில் மூன்று பேர். தலைவர் போடோ சார் வந்து உட்கார்ந்ததும் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். “யார் வீட்டுப் பண்டம்? கொழுப்பு வாசனை தூக்குது. சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் சாப்பிடலாம்.” வாமோஷ் எதிர்பார்த்ததைவிட இளையவர். டை கட்டியிருந்தார். யூடித் மேடம் கடைசி நாற்காலியில். விரல் நுனிகளில் செர்ரிக் கறை போயிருக்கவில்லை.

எனிக்கோ கால்மணி நேரம் பேசினாள். முதல் கேள்விக்குப் பதில் சொன்னாள். குரல் அவளுக்கே ஆச்சரியமாகத் தெளிவாக வந்தது.

“ரெண்டாவது கேள்விக்குத்தான் நான் ரயில் ஏறி வந்ததே,” என்றார் வாமோஷ்.

அவள் முந்தாநாளே தயாரித்த படம் திரையில் வந்தது. பாலம், அதன் மேலாக வளைந்து போகும் கோடு, கோட்டின் முடிவில் குவியல். எழும்புதல், களைத்தல், இறங்குதல். அதைச் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்திருக்கவில்லை, சொல்வதென்றும் முடிவெடுத்திருக்கவில்லை. படம் இருந்தது, வாய் சொல்லிக்கொண்டு போயிற்று. வாமோஷ் தலையசைத்தார். ஒருமுறை எழுதிக்கொண்டார்.

“நம்பும்படியா இருக்கு,” என்றார். “ரொம்ப அழகான விளக்கம்.”

அந்தத் தலையசைப்பில்தான் அவளுக்கு உடம்பெல்லாம் ஊர ஆரம்பித்தது. இந்த மனிதர் ஒன்றுக்குத் தலையசைக்கிறார், அந்த ஒன்று உலகத்தில் எங்கேயும் நடக்கவில்லை. நேற்று சட்டைக் கையில் ஒட்டியிருந்த தோல் ஞாபகம் வந்தது.

“சார், விளக்கம் நல்லா இருக்கு. ஆனா அப்படி நடக்கலை.”

“எப்படி?”

“பூச்சிங்க பாலத்தைத் தாண்டலை. திரும்பிடுது. நேத்து சாயங்காலம் பாத்தேன்.”

போடோ சார் போகாச்சாவைக் கீழே வைத்தார். “அப்போ உன் கணக்குல மட்டும் எப்படிம்மா தாண்டிச்சு?”

“கணக்குலயும் தாண்டலை சார். நான்தான் ஆத்தைத் தலைகீழாப் போட்டுட்டேன்.”

கரும்பலகைக்குப் போனாள். ஒரு நீளக்கோடு, நடுவில் பாலம். இடது முனையில் தன் பூஜ்யம். வலது முனையில் கப்பல்காரர்களின் பூஜ்யம். குவியலை ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் வரைந்து காட்டினாள். சாக்பீஸ் உடைந்தது. அவள் தொடர்ந்து சொன்னாள். களைப்புக்காகச் சேர்த்த உறுப்பு தேவையில்லாதது, இல்லாத ஒன்றுக்குக் காரணம் சொல்வதற்காக அவள் போட்டது.

“எப்போ தெரியும்?” என்றார் வாமோஷ்.

“நேத்து.”

“திருத்தின விடை?”

“கணினில ஓடிட்டு இருக்கு சார். முடியலை.”

“என்ன வரும்?”

“தெரியாது சார்.”

“ஆக,” என்றார் போடோ சார், “ஆய்வேட்டுல இருக்கறது தப்பு. சரி எதுன்னு கேட்டா தெரியாது.”

“ஆமா சார்.”

யூடித் மேடம் எழுந்து நின்றார். “அந்தக் கிலோமீட்டர் பத்திய நானும் பாக்கலை. பூஜ்யம் எங்கேன்னு நான் கேட்டிருக்கணும். என் கையெழுத்தும் அதுல இருக்கு. அதையும் எழுதிக்கோங்க.” சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எனிக்கோவை வெளியே அனுப்பினார்கள். நடைபாதையில் கொர்னேல் தன் முறைக்காக டை கட்டிக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டிப் படிக்கட்டில் ஒரு மாடி இறங்கினாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள். திரும்பக் கூப்பிட்டபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலைவர் வாசித்தார். ஐந்துக்கு மூன்று. தேர்ச்சி. மூன்று என்றால் சமன்பாடு சரி, கையாண்டது தவறு என்று பொருள் என்று அவரே சேர்த்துச் சொன்னார். அது எங்கும் எழுதப்படாத பொருள்.

வாமோஷ் நடைபாதையில் அவளைப் பிடித்தார். காகிதக் கைக்குட்டையில் இரண்டு போகாச்சா சுற்றி வைத்திருந்தார், ரயிலுக்கு.

“அடுத்த மாசம் வியன்னா மாநாட்டுல பேசறேன். உங்க பாலத்துக்கு ஒரு முழு ஸ்லைடு வெச்சிருக்கேன். உங்க பேரோட.”

“மன்னிச்சிடுங்க சார்.”

“எடுத்துடலாம், அதுக்கென்ன. மேடைல நிக்கும்போது தெரிஞ்சிருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்னு யோசிச்சேன்.” அவர் குரலில் நன்றியும் இல்லை, கோபமும் முழுதாக இல்லை. “அந்த செப்டம்பர் இடம். வெளிப்படையாச் சொல்லிடறேன். பாலத்துக்காகத்தான் கேட்டேன். இப்போ பாலம் இல்லை. இன்னொருத்தர் விண்ணப்பம் இருக்கு, அவர் கணக்கு முடிஞ்சிருக்கு.”

“புரியுது சார்.”

“அடுத்த வருஷம் ஏதாவது கிடைச்சா எழுதுங்க,” என்றார். எது கிடைத்தால் என்று சொல்லவில்லை.

அவர் போன பிறகு எனிக்கோ ஜன்னல் விளிம்பில் சாய்ந்து நின்றாள். திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குக் கடை திறக்க வேண்டும். சொல்லாமல் இருந்திருக்கலாமே என்ற எண்ணம் வந்தது. அதைத் துரத்தவில்லை, வந்து நிற்கட்டும் என்று விட்டாள். சரியாகச் செய்தவர்களுக்கு ஒரு நிம்மதி வருமென்று எங்கோ நினைத்திருந்தாள் போலிருக்கிறது. வரவில்லை.

மத்தியானம் மேடத்தின் அறையிலிருந்து அழைப்பு வந்தது. கணக்கு ஓடி முடிந்திருந்தது. மேடமும், தேர்வு முடித்து நான்கு வாங்கிய கொர்னேலும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் வந்த கோட்டில் பாலத்துக்குக் கீழே ஒரு திமில். படகில் போன எந்தக் குழந்தையும் சொல்லியிருக்கும். பாலத்துக்கு மேலே கோடு தலைமுறைக்குத் தலைமுறை தாழ்ந்துகொண்டே போய்த் தரையைத் தொட்டது.

“கீழேருந்து யாரும் வர்றதில்லை, தண்ணி மட்டும் எடுத்துட்டே இருக்கு,” என்றார் மேடம் மெதுவாக. “பாலத்துக்கு மேல காலியாகிட்டு வருதுன்னு சொல்லுது. இதை நம்பறியா?”

எனிக்கோ நின்றபடியே துளைக் கணக்கைத் திறந்தாள். இந்த முறை பூஜ்யம் எந்த முனையில் என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாள். பாலத்துக்கு மேலே நீண்ட தூரத்துக்குக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

“இல்ல மேடம். இங்க துளை இல்லைன்னு விட்டிருக்காங்களா, இல்ல அந்தப் பக்கம் யாரும் போய் எண்ணவே இல்லையா? புரோகிராம் ரெண்டையும் பூஜ்யமாத்தான் எடுத்திருக்கு.”

மேடம் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். “அது யாருக்குத் தெரியும்?”

எனிக்கோ கொர்னேலைப் பார்த்தாள்.

“வேண்டாம்,” என்றான் அவன். “இன்னைக்கு நான் குடிக்கப் போறேன். நாலு வாங்கியிருக்கேன்.”

“படகுல உக்காந்து குடி.”

“மூணு வாங்கினவளுக்கு வாயப் பாரு.”

ஆனாலும் போனார்கள். கரையில் அதே ஜனம், இரண்டாம் நாள் பூ. பாலத்தில் பூச்சிகள் முட்டித் திரும்பிக்கொண்டிருந்தன. எனிக்கோ தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பாலத்தைத் தாண்டிப் பலகைகள் ஒன்றொன்றாகக் கூடிக்கொண்டு வந்தன. கொர்னேல் ஒயினில் சோடா கலந்து ஒரு கையில் பிடித்தபடி மறுகையால் படகைக் கரையை ஒட்டி ஓட்டினான். செங்குத்தான களிமண் கரை, தண்ணீர் விளிம்பு வரைக்கும் ஈரமாகப் பளபளத்தது.

“இன்னும் கிட்ட போ.”

“மண்ணுல முட்டும்.”

“முட்டட்டும்.”

வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு அவள் படகின் ஓரமாகக் குனிந்தாள். தண்ணீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே களிமண்ணைத் தடவினாள். வழவழப்பு. இன்னும் கொஞ்சம் தள்ளி. வழவழப்பு. அப்புறம் அவள் சுண்டுவிரல் ஒரு துளைக்குள் போயிற்று.

“இருக்கா?” என்றான் கொர்னேல்.

“ஒண்ணு இருக்கு. இந்த வருஷத்துதா, பழசான்னு தெரியலை.” விரலை எடுக்காமலே பக்கத்தில் மறுகையால் தேடிக்கொண்டிருந்தாள். “இரு, நகராதே… சரி, இப்போ மெதுவா. மேல போ.”